தேஸ்பூரில் ஓடாமல் நின்ற நிருபர்... பின்னாளில் அணைக்காக வாதாடிய எழுத்தாளர்: யார் இந்த பி.ஜி. வர்கீஸ்?

2023 ஜூலை கடைசியில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில் நடந்ததைத் தமிழ்நாடே டிவியில் பார்த்தது. என்எல்சி இரண்டாவது சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டும் வேலை. கதிர் வந்து நின்ற நெல் வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. போராட்டம், கைது, கல்வீச்சு, பிறகு நீதிமன்றம் என்று விவகாரம் நீண்டது.

நிலம் தன்னுடையது, பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். பயிர் எங்களுடையது, நிலத்துக்குக் கிடைத்தது போதாது, வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை எங்கே என்றனர் விவசாயிகள். கரண்ட் வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அந்தக் கரண்டுக்கு யார் விலை கொடுப்பது என்பதில்தான் சண்டை.

இதே கேள்வியோடு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாடு முழுக்க அலைந்தவர் ஒருவர் இருந்தார். போர்முனைச் செய்தியாளராகவும், பெரிய நாளிதழ்களின் ஆசிரியராகவும் இருந்து, கடைசியில் ஆறுகளையும் அணைகளையும் பற்றிய புத்தகங்களால் அறியப்பட்டவர். மறைந்து பத்தாண்டுகள் கடந்த பிறகும் சுற்றுச்சூழல் வட்டாரத்தில் அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் மதிப்பார்கள், பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். அவர்தான் பி.ஜி. வர்கீஸ்.

பர்மாவில் பிறந்த கேரளக்காரர்

முழுப்பெயர் பூப்லி ஜார்ஜ் வர்கீஸ். 1927 ஜூன் 21-ம் தேதி பர்மாவின் மேமியோவில் பிறந்தார். அப்பா ராணுவ மருத்துவர். குடும்பத்தின் வேர் கேரளம். படிப்பு டேராடூன் டூன் பள்ளி, டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ், பிறகு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி. அந்தக் காலத்தில் இப்படிப் படித்தவர்கள் ஐ.ஏ.எஸ் பக்கமோ வெளிநாட்டுக் கம்பெனி பக்கமோ போவார்கள். இவர் போனது டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு. நாடு விடுதலை அடைந்த சூடு ஆறாத நேரம் அது.

அங்கே அவர் தேடிக்கொண்ட வேலைதான் கொஞ்சம் விசித்திரம். மற்ற நிருபர்கள் நாடாளுமன்றத்தையும் கட்சி அலுவலகங்களையும் சுற்றிக்கொண்டிருக்க, இவர் அணை கட்டும் இடத்துக்கும், கால்வாய் வெட்டும் பாலைவனத்துக்கும், புதிதாக எழும் ஆலைகளுக்கும் கிளம்பினார். மனைவி ஜமீலாவும் பல பயணங்களில் கூட இருந்தார். ஜமீலாவும் எழுத்தாளர், வரதட்சணைக் கொடுமையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பேசப்பட்ட ஒன்று.

அது ஐந்தாண்டுத் திட்டங்களின் காலம். பக்ரா, ஹிராகுட், தாமோதர் பள்ளத்தாக்கு என்று வரிசையாகப் பெயர்கள். நெய்வேலியும் அந்தத் தலைமுறைப் பிள்ளைதான். ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாக ஏதோ வருகிறது என்பதில் தொடங்கிய கதை, 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகமானது. 1957-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். முந்திரிக் காட்டுக்கும் மானாவாரிப் புன்செய்க்கும் நடுவே அகலமான சாலை, வரிசை வீடு, வட்டத்துக்கு ஒரு எண் என்று ஒரு நகரியமே முளைத்தது. அப்படி முளைத்த இடங்களைப் பார்த்து எழுதுவதுதான் வர்கீஸின் தொடக்ககாலப் பத்திரிகை வாழ்க்கை. அந்த எழுத்தில் நம்பிக்கை அதிகம், சந்தேகம் குறைவு. ஏழை நாடு எழுந்து நிற்கிறது என்ற பரவசம் அன்று அவருக்கு மட்டும் வந்த நோயல்ல.

1962 நவம்பர்: காலியான ஊரில் ஒரு சில நிருபர்கள்

அந்தப் பரவசத்தின் மேல் விழுந்த முதல் அடி சீனப் போர். 1962 அக்டோபர் 20-ம் தேதி சீனப் படைகள் தாக்கின. நவம்பர் நடுவில் இரண்டாவது அலை. இன்றைய அருணாச்சலப் பிரதேசமான நேஃபா பகுதியில் சேலா கணவாய் கைவிடப்பட்டது. அடுத்து போம்டிலாவும் போனது. மலையிலிருந்து இறங்கினால் அசாம் சமவெளி. பிரம்மபுத்திராவின் வடகரையில் இருக்கும் முக்கிய ஊர் தேஸ்பூர்.

வர்கீஸுக்கு அப்போது 35 வயது. போர் மட்டுமே அவருடைய துறை இல்லை. ஆனாலும் போர்முனைச் செய்திக்காக அவர் அந்தப் பக்கம் போயிருந்தார். ராணுவத் தலைமையகம் பின்வாங்கியது. மாவட்ட நிர்வாகம் கிளம்பிவிட்டது. தேயிலைத் தோட்டத் துரைமார்கள் கிளம்பிவிட்டார்கள். ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு படகு ஏறித் தென்கரைக்குப் போனார்கள். வங்கியில் இருந்த பணம் எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ரூபாய் நோட்டுகளைக் கொளுத்தினார்கள். மனநல மருத்துவமனையில் இருந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வெளியே விட்டுவிட்டார்கள். அவர்கள் வெறிச்சோடிய தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஊரில் தங்கிவிட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பத்திரிகையாளர்கள். வர்கீஸ் அவர்களில் ஒருவர். சீன ராணுவம் எந்த நேரமும் வந்து சேரலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். வந்தது ராணுவம் இல்லை, ரேடியோ செய்தி. நள்ளிரவில் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. சீனப்படை தேஸ்பூருக்குள் நுழையவே இல்லை. அரசாங்கம் மட்டும்தான் அங்கிருந்து போயிருந்தது.

வர்கீஸின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த இடம் முக்கியம். ஒரு அரசு தன் ஜனங்களை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடுவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். ஆனாலும் அரசின் மேல் நம்பிக்கை இழக்கவில்லை. கோபக்காரராக இல்லாமல், பழுதைச் சொல்லிச் சரிசெய்யச் சொல்பவராகத்தான் அங்கிருந்து திரும்பினார். பிற்காலத்தில் அவருக்கு வந்த பாராட்டும் வசையும் இந்தக் குணத்திலிருந்தே வந்தவை.

இதே 1962-ல்தான் நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியது. வடக்கே நம்பிக்கை இருண்ட வருஷம், தெற்கே விளக்கு எரிந்த வருஷம்.

பீகார் பஞ்சம் என்ன செய்தது?

1966-ல் பிரதமர் இந்திரா காந்தியின் தகவல் ஆலோசகராக வர்கீஸ் சேர்ந்தார். அந்த வருஷம் பீகாரில் மழை பொய்த்தது. 1967-ல் அங்கே பஞ்சம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு பஞ்சம் என்ற சொல்லை அரசே ஒப்புக்கொண்டது அப்போதுதான்.

நிவாரணப் பணியை ஜெயப்பிரகாஷ் நாராயணன் தலைமையிலான பீகார் நிவாரணக் குழு முன்னின்று நடத்தியது. பஞ்சத்துக்கு அடுத்து என்ன செய்வது என்பதைப் பற்றி வர்கீஸ் எழுதிய சிறு புத்தகம் 1967-ல் வந்தது. தண்ணீர் எழுத்தாளராக அவர் மாறிய திருப்பத்தை இங்கே வைக்கலாம். ஏன்னா, பீகாரின் நடுவில் கங்கை ஓடுகிறது. வடக்கே நேபாளத்திலிருந்து இறங்கும் கோசியும் கண்டக்கும் வருஷாவருஷம் ஊரை மூழ்கடிக்கின்றன. அதே மாநிலத்தின் தெற்கில் குடிக்கத் தண்ணீர் இல்லை. வெள்ளத்தில் சாவதும் வறட்சியில் சாவதும் ஒரே மாநிலத்தில், சில சமயம் ஒரே வருஷத்தில். இது வானத்தின் குற்றமா, மனிதனின் ஏற்பாட்டுக் குறையா என்ற கேள்வி அவரை அதன்பிறகு விடவே இல்லை.

ஒரு கிராமம், ஒரு தலையங்கம், ஒரு வேலை நீக்கம்

1969-ல் இந்துஸ்தான் டைம்ஸ் ஆசிரியரானார். வந்த வேகத்தில் ஒரு காரியம் செய்தார். டெல்லியிலிருந்து அதிக தூரமில்லாத சத்தேரா என்ற கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, நிருபர்களை அங்கே திரும்பத் திரும்ப அனுப்பித் தொடர் எழுத வைத்தார். கொலையோ கலவரமோ இல்லாத ஒரு சாதாரண ஊர். விதை, கடன், கிணறு, சாதி, பள்ளிக்கூடம், கல்யாணச் செலவு இவைதான் செய்தி. தலைநகரத்துப் பேப்பரில் ஊர் பெயர் வந்துகொண்டே இருந்ததால் அதிகாரிகளும் வங்கிக்காரர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வளர்ச்சி இதழியல் என்று இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயத்துக்கு இந்தியாவில் சொல்லப்படும் முதல் உதாரணங்களில் சத்தேராவும் ஒன்று.

இன்னொரு பக்கம், பழைய முதலாளியான இந்திரா காந்தியை அவர் விட்டுவைக்கவில்லை. 1974-ல் சிக்கிமை இந்தியாவோடு சேர்க்கும் நடவடிக்கையைச் சாடி அவர் எழுதிய தலையங்கம் டெல்லியில் பெரிய புயல். நாடே கைதட்டிக்கொண்டிருந்த விஷயத்தை எதிர்த்து எழுதுவது லேசான வேலை இல்லை.

1975-ல் எமர்ஜென்சி வந்தது. அதே ஆண்டு இதழியலுக்கான மகசேசே விருது வர்கீஸுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு இந்துஸ்தான் டைம்ஸ் அவரை ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீக்கியது. உலகம் விருது கொடுத்த ஆசிரியருக்கு ஊரில் நாற்காலி இல்லை.

1977 தேர்தலில் கேரளத்தின் மாவேலிக்கரையில் நின்று தோற்றார். ஜனதா ஆட்சியில், அகில இந்திய வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் தன்னாட்சி கொடுப்பது பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1978-ல் அறிக்கை வந்தது. பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது 1990-ல். நடைமுறைக்கு வந்தது 1997-ல். வர்கீஸ் குழு கேட்ட அளவு சுதந்திரம் அதில் இல்லை. பிறகு 1982 முதல் 1986 வரை இந்தியன் எக்ஸ்பிரஸ் ஆசிரியர். அதோடு தினசரிப் பத்திரிகை வேலைக்கு முழுக்கு.

நம்பிக்கையின் நீர்: அந்தப் புத்தகம் என்ன சொல்கிறது?

டெல்லியில் கொள்கை ஆய்வு மையத்தில் சேர்ந்து அவர் எழுதிய பெரிய புத்தகம், 'வாட்டர்ஸ் ஆஃப் ஹோப்'. 1990-ல் வெளியானது. இமயமலையில் பிறந்து நேபாளம், பூடான், இந்தியா, வங்கதேசம் வழியாகக் கடலுக்குப் போகும் கங்கை, பிரம்மபுத்திரா, பராக் ஆறுகளின் மொத்தக் கதை அது.

அடிப்படை வாதம் எளிமையானது. உலகிலேயே ஏழைகள் மிக நெருக்கமாக வாழும் நிலப்பரப்பு இது. உலகிலேயே தண்ணீர் வளம் மிக்க நிலப்பரப்புகளில் ஒன்றும் இதுவே. இரண்டும் ஒரே இடத்தில் எப்படி? மழை நான்கு மாதத்தில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. தேக்கி வைக்க இடம் இல்லை. இடம் மேலே நேபாளத்தில் இருக்கிறது, தேவை கீழே இருக்கிறது, நடுவில் எல்லைக்கோடும் சந்தேகமும் இருக்கின்றன. ஆக, இது பொறியாளர் பிரச்சனை மட்டும் இல்லை, அண்டை வீட்டுக்காரர்கள் பேசாமல் இருக்கும் பிரச்சனை.

வர்கீஸ் எழுதியதோடு நிற்கவில்லை. இந்திய, வங்கதேச, நேபாள ஆய்வாளர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசும் முயற்சிகளில் முன்னால் நின்றார். அரசுகள் நேரடியாகப் பேசத் தயங்கும்போது, அரசில் இல்லாதவர்கள் பேசிப் பாதை போடும் வேலை. 1996 டிசம்பரில் கங்கை நீரைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தத்தில் இந்தியாவும் வங்கதேசமும் கையெழுத்திட்டன. பல காரணங்களால் வந்த ஒப்பந்தம் அது. இந்த மேஜைப் பேச்சுகளுக்கும் அதில் பங்கு உண்டு.

சுற்றுச்சூழல்வாதிகள் ஏன் கோபப்பட்டார்கள்?

காரணம் நர்மதை. சர்தார் சரோவர் அணைக்கு எதிராக மேதா பட்கரும் பழங்குடி மக்களும் போராடிக்கொண்டிருந்த காலத்தில், அணை வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியவர் வர்கீஸ். 1994-ல் பக்ரா, நர்மதை, டெஹ்ரி, ராஜஸ்தான் கால்வாய் ஆகியவற்றை முன்வைத்து ஒரு புத்தகமே போட்டார்.

அணை கட்டினால் வரும் இழப்பை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், கட்டாமல் விட்டால் வரும் இழப்பை யார் கணக்குப் போடுவது என்பது அவருடைய கேள்வி. கட்ச்சிலும் சௌராஷ்டிராவிலும் குடத்தோடு மைல் கணக்கில் நடக்கும் பெண்ணும் கணக்கில் வர வேண்டும் என்றார். இடம்பெயரும் குடும்பத்துக்கு மறுவாழ்வு என்பது தர்மம் இல்லை, உரிமை. அதை ஒழுங்காகச் செய்தால் பழைய வாழ்க்கையைவிட நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்றும் வாதிட்டார்.

ஒழுங்காகச் செய்தால் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எதிராளிகள் அவரைப் பிடித்தார்கள். எங்கே ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள், ஒரு ஊரைக் காட்டுங்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. இந்தியாவில் நிலம் எடுக்க 2013 வரை கையில் இருந்தது 1894-ம் ஆண்டு ஆங்கிலேயர் சட்டம். அதற்கு நிலத்தின் விலை தெரியும். மறுவாழ்வு என்ற சொல்லே தெரியாது. நெய்வேலியின் தொடக்ககால நிலங்கள் அந்தச் சட்டத்தின் காலத்தில் போனவை. பணம் வாங்கியவர்கள் பட்டா வைத்திருந்தவர்கள். அந்த நிலத்தில் களை பறித்துக் கூலி வாங்கியவர்களுக்குப் பேரேட்டில் இடம் கிடையாது. இன்றும் வளையமாதேவி, கரிவெட்டி பக்கம் பேசுகிறவர்கள், தங்களுக்கு முன்னால் நிலம் கொடுத்த ஊர்களைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

தண்ணீர்க் கணக்கும் நெய்வேலியில் சேர்ந்தே வருகிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் இரவு பகலாக மோட்டார் ஓடுகிறது. வெளியேறும் நீரில் ஒரு பகுதி ஏரிக்கும் வயலுக்கும் போகிறது. சுற்றுவட்டாரத்தில் போர் ஆழம் கூடிக்கொண்டே போகிறது என்ற புகாரும் இருக்கிறது. லாபமும் நஷ்டமும் ஒரே குழாயில் வரும் இப்படிப்பட்ட இடத்தில், வர்கீஸின் முறை உதவும்: இரண்டு பக்கக் கணக்கையும் முழுசாக எழுதிப் பார்ப்பது. ஆனால் கணக்கு எழுதுகிறவரை எந்த அளவு நம்புவது என்பதில் அவர் தாராளமாகவே இருந்தார். வயல்காரர்களால் அவ்வளவு தாராளமாக இருக்க முடியாது.

காஷ்மீரில் விழுந்த கறை

இந்தத் தாராளம் அவருக்குப் பெரிய விலையும் வைத்தது. 1991-ல் காஷ்மீரின் குனான் போஷ்போராவில் ராணுவத்தினர் பெண்களைக் கூட்டாகப் பாலியல் வன்கொடுமை செய்தனர் என்ற புகார் எழுந்தது. விசாரிக்கப் போன பிரஸ் கவுன்சில் குழுவுக்குத் தலைமை வர்கீஸ். புகாருக்கு ஆதாரம் இல்லை, ஜோடிக்கப்பட்டது என்று குழு முடிவு சொன்னது. மனித உரிமை அமைப்புகள் அந்த முடிவைக் கடுமையாகச் சாடின. அந்த ஊர்ப் பெண்கள் கேட்ட நீதி இன்றுவரை முடிவுக்கு வரவில்லை. வர்கீஸைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக்கூடாத இடம் இது. அதே மனிதர்தான் 2002 குஜராத் கலவரத்தில் ஊடகங்களின் பங்கை விசாரித்த எடிட்டர்ஸ் கில்டு குழுவிலும் இருந்தார்.

மறுபடியும் போர்

1999-ல் கார்கில் போர் முடிந்த கையோடு, இவ்வளவு பெரிய ஊடுருவல் எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. தலைவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த பாதுகாப்பு நிபுணர் கே. சுப்ரமணியம். நான்கு பேர் குழுவில் வர்கீஸும் ஒருவர். தேஸ்பூரில் காலியான தெருவைப் பார்த்தவர், 37 ஆண்டுகள் கழித்து, அரசு எங்கே அசந்தது என்று அரசின் கோப்புகளையே திறந்து பார்க்கும் இடத்துக்கு வந்தார். அறிக்கை பொதுமக்களுக்கும் வெளியிடப்பட்டது. சில பகுதிகள் மட்டும் மறைக்கப்பட்டன. 1962 தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இந்திய அரசு இதுவரை வெளியிடவில்லை என்பதை வைத்துப் பார்த்தால், இது சின்ன விஷயம் இல்லை.

2010-ல் தன் நினைவுகளைப் பெரிய புத்தகமாக எழுதினார். 2014 டிசம்பர் 30-ம் தேதி, 87 வயதில் காலமானார்.

இரண்டு நண்பர்கள், இரண்டு பாதைகள்

வர்கீஸின் கதையில் ஒரு தமிழர் முக்கியமானவர். மத்திய நீர்வளத்துறைச் செயலாளராக இருந்த ராமசுவாமி ஆர். ஐயர். 1987 தேசிய நீர்க் கொள்கை உருவானதில் பெரிய பங்கு அவருக்கு உண்டு. கிழக்கு இமயமலை ஆறுகளைப் பற்றி இருவரும் சேர்ந்து பதிப்பித்த நூல் 1993-ல் வந்தது. இருவரும் ஒரே மையத்தில் வேலை பார்த்தவர்கள், ஒரே ஆறுகளைப் படித்தவர்கள், ஒரே கோப்புகளைப் புரட்டியவர்கள்.

ஆனால் ஐயர் மெல்ல மெல்லப் பெரிய அணைகளைச் சந்தேகிக்க ஆரம்பித்தார். அரசின் உள்ளே இருந்து பார்த்தவர் அவர். மறுவாழ்வு வாக்குறுதிகள் காகிதத்தில் எப்படிப் பிறந்து காகிதத்தில் எப்படிச் சாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசிக் காலத்தில் அவர் அணை எதிர்ப்பாளர்களின் பக்கம் நெருங்கி நின்றார். வெளியிலிருந்து வந்த பத்திரிகையாளர் அரசை நம்பினார், உள்ளே இருந்த அதிகாரி நம்பவில்லை. வர்கீஸ் போன ஒன்பதே மாதத்தில், 2015 செப்டம்பரில் ஐயரும் காலமானார்.

நேபாள எல்லையில் கட்டத் திட்டமிட்ட பஞ்சேஸ்வர் அணைக்கு 1996-லேயே ஒப்பந்தம் போடப்பட்டும் இன்னும் கட்டப்படவில்லை. இந்தியா, வங்கதேசம் கங்கை நீர் ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக் கெடு 2026 டிசம்பரில் முடிகிறது.